கிராமத்துக் கோயில்ல அறுப்பின் பண்டிகையும் அசனமும் நடத்துறது எப்படி: ஒரு பழைய சபை செயலாளர் சொல்ற முழு வழிகாட்டி

போன வாரம் ஊர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணுனான். "அண்ணாச்சி, இந்த வருஷம் என்னயச் செயலாளரா போட்டுட்டாவ, அறுப்பின் பண்டிகையும் அசனமும் என் தலையில வந்து விழுந்திருக்கு, எங்க ஆரம்பிக்கன்னே தெரியல"ன்னான். ஒரு மணி நேரம் போன்லயே சொன்னேன். பாதி மறந்திருப்பான், அதான் எழுதியே வச்சிருவோம்னு உக்காந்துட்டேன். நான் 6 வருஷம் சபை செயலாளரா இருந்தவன். அதுல ரெண்டு வருஷம் ரொம்ப நல்லா நடந்துச்சு, மூணு வருஷம் பரவால்ல ரகம், ஒரு வருஷம் கடைசிப் பந்திக்கு சோறு பத்தாம நான் கோயில் பின்னாடி போயி நின்னுகிட்டேன். இதுல இருக்குறதுல பாதி அந்த ஒரு வருஷத்துல கத்துக்கிட்டது.

வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம். எங்க பக்கம், அதாவது பழைய திருநெல்வேலி ஜில்லாவோட தென்கிழக்கு, தாமிரபரணி கடைமடையும் தேரிக்காடுங்கிற செம்மணல் காடும் சேர்ற இடம், இங்க சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, சபைக்காரங்க சர்ச்சுன்னு சொல்ல மாட்டோம், கோயில்னுதான் சொல்லுவோம். பாஸ்டர் எங்களுக்கு ஐயர், அவர் வீட்டம்மா ஐயரம்மா. பல ஊர் சேர்ந்தது ஒரு சேகரம். 1799ல முதலூர் உருவானதுல இருந்து ஒவ்வொண்ணா கிறிஸ்தவ ஊர்கள் வந்துச்சு, அப்புறம் 1820ல பாளையங்கோட்டை வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர், புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒதுங்க இடம் வேணும்னு நிலம் வாங்குறதுக்காக 1830ல தர்ம சங்கம் ஆரம்பிச்சாரு. ஊரும் கோயிலும் ஒண்ணாவே வளர்ந்ததாலதான் இங்க கோயில் பண்டிகைன்னா ஊர்ப் பண்டிகை. அசனம்னா சாப்பாடு, அவ்ளோதான் அர்த்தம். அறுப்பு முடிஞ்சு முதற்பலனைப் படைச்சு, அதை ஏலம் விட்டு, எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறது. சில ஊர்ல இதை ஸ்தோத்திரப் பண்டிகைன்னுவாங்க, சில ஊர்ல கோயிலைப் பிரதிஷ்டை பண்ணுன நாளைக் கொண்டாடுற பிரதிஷ்டை பண்டிகையோட சேர்த்து வச்சிருவாங்க. வேலை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

முதல் வேலை: தேதி

எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். காலண்டரைப் பாத்து ஒரு ஞாயித்துக்கிழமைய வட்டம் போட்டு வந்துருவாங்க. வயலைப் போய்ப் பாக்கணும். பிசானப் போகத்து நெல்லு அறுப்புக்கு வர்றது பிப்ரவரி, மார்ச். கரெக்டா அதே நேரத்துல லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாளு, வந்து நிக்கும். லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதன் 2025ல மார்ச் 5, 2026ல பிப்ரவரி 18. லெந்துல எவனும் கிடா வெட்ட மாட்டான், ஐயர் சம்மதிக்கவும் மாட்டாரு. அதனால நெல்லு அறுத்து வித்து கையில காசு வந்த கையோட பண்டிகை வைக்கணும்னு ஆசைப்பட்டாலும் பல வருஷம் முடியாது, ஈஸ்டர் தாண்டித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அதுலயும் ஒரு நன்மை இருக்கு. மே மாசம் ஸ்கூல் லீவு, சென்னை மும்பைல இருக்குறவங்க எல்லாம் பிள்ளைகளைக் கூட்டிட்டு ஊருக்கு வருவாங்க, ஏலத்துல கை தாராளமா இருக்கும். ஆனா தேரிப்பக்கத்து ஆளுங்களுக்கு மே மாசம்னா பதநி சீசன், பனையேறுறவரு விடியக்காலம் ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ மரம் ஏறணும், அந்த வீட்டம்மா மத்தியானம் வரைக்கும் அடுப்புல பதநி காய்ச்சிகிட்டு நிப்பா, அவங்களை காலைல 9 மணிக்கு ஆராதனைக்கு வான்னா எப்படி வருவாங்க? எங்க ஊர்ல பாதி வயக்காரங்க பாதி பனைக்காரங்க, அதனால நாங்க கடைசில ஆராதனைய காலைல 7 மணிக்கும் ஏலத்தை சாயங்காலமும் மாத்துனோம். வெளியூர்ல இருந்து வந்தவங்க கொஞ்சம் முறைச்சாங்க, முறைக்கட்டும்.

தேதி முடிவு பண்ணுறதுக்கு முன்னாடி பக்கத்து நாலு சபையில என்னைக்குன்னு கேட்டுக்கோங்க. சமையக்காரரு, பந்தல், வார்ப்பு அண்டா எல்லாம் ஒரே ஆளுகிட்டதான் எல்லா ஊருக்கும் போகுது.

ரெண்டாவது: கமிட்டி, நோட்டு, வரி

சபை கமிட்டி கூட்டத்துலயே ரெண்டு கணக்கையும் பிரிச்சிருங்க. காணிக்கை, ஏலத்துல வர்ற பணம் கோயில் கணக்கு. அசனத்துக்கு தலைக்கட்டு வரி, நன்கொடை எல்லாம் அசனக் கணக்கு. ஒரே பையில போட்டீங்கன்னா ஏலப் பணத்தை எடுத்து கறி வாங்கித் தின்னுட்டாங்கன்னு ஒருத்தன் டீக்கடைல சொல்லுவான், அவன் சொல்றதுல தப்பும் இருக்காது.

வரி ரசீது புக்கு நம்பர் போட்டது வாங்குங்க, பொருளாளர் கையெழுத்தும் இன்னொரு கமிட்டி மெம்பர் கையெழுத்தும் இருக்கட்டும். வீடு வீடா போறப்போ தனியா போகாதீங்க, ரெண்டு பேரா போங்க. அப்புறம் முக்கியமான விஷயம், வரி கட்ட முடியாத வீடு ஒரு பத்து இருக்கும், தனியா இருக்குற ஆச்சி, படுக்கையில கிடக்குறவரு, கடன்ல மாட்டுனவன். அந்த லிஸ்ட் ஐயர்கிட்டயும் செயலாளர்கிட்டயும் மட்டும் இருக்கணும். அவங்க வரிய வசதியுள்ள ரெண்டு வீட்டுல சொல்லி கட்டிரலாம், கேட்டா யாரும் இல்லன்னு சொல்றதில்ல. ஆனா கோயில்ல "இன்னும் வரி தராதவங்க"ன்னு பேரு வாசிக்கிற பழக்கம் இருந்தா முதல்ல அதை நிப்பாட்டுங்க. ஒரு சபையில அப்படி வாசிச்சு, அந்த வீட்டுக்காரரு அதுக்கப்புறம் கோயில் வாசல்படி ஏறவே இல்ல, பிள்ளைங்க மட்டும் வரும்.

மூணாவது: கைப்பிடி அரிசி

இது பெண்கள் ஐக்கிய சங்கம் பாத்துக்குற வேலை, நீங்க தலையிட வேண்டாம், ஆனா தெரிஞ்சுக்கணும். ஒவ்வொரு தடவ உலை வைக்கிறப்பவும் ஒரு கைப்பிடி அரிசிய எடுத்து தனிப் பானையில போட்டு வைப்பாங்க. மாசத்துக்கு ஒருக்க சங்கத்து அக்காமாரு வந்து வாங்கிட்டு போவாங்க. எங்க அம்மா பானை அடுப்படி மூலையில இருக்கும், மேல ஒரு சிரட்டை கவுத்தி வச்சிருப்பா. காசு இல்லாத மாசம் எங்க வீட்டுலயே அந்த அரிசில கை வைக்கலாம்ல, ஒரு நாளும் வச்சதில்ல. சின்ன வயசுல எனக்கு அது புரியாது, பசிக்குன்னு கேட்டா "அது கோயிலுக்குள்ளது"ன்னு மட்டும் சொல்லுவா.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல். கைப்பிடி அரிசில ரேஷன் அரிசி, அம்பை 16, பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். இதை அசனச் சோத்துக்கு உலையில போட்டீங்கன்னா ஒரு அரிசி குழைஞ்சு களியாகும், இன்னொண்ணு விதை மாதிரி நிக்கும். பட்டுத் தெரிஞ்சுகிட்டது. கலந்த அரிசிய புடைச்சு, வண்டு எடுத்து, மாவாத் திரிச்சு புட்டு அவிச்சு சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் குடுங்க, இல்ல கோழி வளக்குறவங்களுக்கு ஏலத்துல விடுங்க. புழுங்கல் மட்டும் தனியா வாங்குறதுக்கு சங்கத்துல ரெண்டு பானையா வைக்கச் சொன்னாலும் நல்லது, சொன்னா கேப்பாங்களான்னு தெரியாது.

நாலாவது: யார் என்ன கொண்டு வருவாங்க

வயக்காரங்க நெல்லு, வாழைத்தார், தேங்காய், வெண்டை, கத்தரி. பனைக்காரங்க கருப்பட்டி, நொங்கு, ஓலைப்பெட்டி, நாரு. ஆடு மாடு வச்சிருக்குறவங்க முதல் ஈத்துக் குட்டி. சிலர் ஒரு மரத்தையே நேந்து விட்டிருப்பாங்க, அந்த வருஷம் அந்தத் தென்னையில காய்க்கிறது பூரா கோயிலுக்கு. இதெல்லாம் கேக்காமலே வந்துரும்.

ஆனா நிலம் இல்லாதவங்கதான் இன்னைக்கு ஊர்ல பாதிக்கு மேல. பீடி சுத்துறவங்க, கொத்தனாரு, ஆட்டோ ஓட்டுறவரு, டீச்சர், வெளிநாட்டுல இருக்குறவனோட பெஞ்சாதி. இவங்க கிட்ட "உங்களுக்கு அறுப்பு எது"ன்னு ஐயர் ஒரு மாசம் முன்னாடியே ஆராதனையில சொல்லிரணும். ஒரு நாள் கூலிய கவர்ல போட்டா அதுவும் முதற்பலன்தான். தையல் அக்கா ஒருத்தங்க வருஷா வருஷம் ஒரு சின்னப் பாவாடை தைச்சுக் கொண்டு வருவாங்க, ஏலத்துல எப்பவும் அதுக்கு அடிதடி. கொத்தனாரு ஒருத்தரு பொருளா எதுவும் கொண்டு வரமாட்டாரு, கோயில் காம்பவுண்டு சுவத்துல பேந்த இடத்தை ஒரு நாள் வந்து பூசிட்டுப் போவாரு, அதையும் நோட்டுல எழுதுங்க.

பிள்ளைகளுக்கு ஜனவரியிலயே ஆளுக்கு ஒரு கோழிக்குஞ்சு குடுத்தா பண்டிகைக்குள்ள வளந்துரும். பத்து குஞ்சு குடுத்தா நாலு வந்து சேரும், மிச்சத்தை பருந்தும் பூனையும் எடுத்துரும். பூனை தூக்கிட்டுப் போன பிள்ளை அழுதுகிட்டு வெறுங்கையோட வரும், அதுக்குன்னு நீங்க ஒரு முட்டையாவது வாங்கி வச்சிருங்க, அந்தக் கையில குடுத்து படைக்கச் சொல்லுங்க.

அஞ்சாவது: சனிக்கிழமை

வாசல்ல ரெண்டு வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், கரும்பு கிடைச்சா கரும்பு. வாலிபர் சங்கத்துப் பையங்ககிட்ட விட்டீங்கன்னா ஆல்டர் முழுக்க வாழைத்தாரா கட்டி வச்சிருவாங்க, மறுநாள் நற்கருணைக்கு ஆளுங்க முழங்கால் போட இடம் இருக்காது. அதனால ஆல்டருக்கு முன்னாடி இருக்குற கிராதிக்கு முன்னாடி ஒரு ஆள் நடக்குற அளவு இடம் விடணும்னு முதல்லயே கயிறு கட்டிருங்க. கருப்பட்டி, பலாப்பழம் தரையில வைக்காதீங்க, விடியறதுக்குள்ள எறும்பு சாரை பிடிச்சு வந்துரும், பெஞ்சு மேல வச்சு கால்களுக்கு அடியில தண்ணி வச்ச கிண்ணம் வைங்க. ஆடு, கோழி எல்லாம் வெளிய வேப்பமரத்தடில. ஒரு வருஷம் ஒரு சேவலை உள்ள வச்சுட்டாங்க, சேவல் கூவுறதுக்குள்ள பேதுரு இயேசுவ மூணு தடவ தெரியாதுன்னு மறுதலிச்ச கதைய ஐயர் சொல்லல, முதற்பலன் படைக்கிறதைச் சொல்ற உபாகமம் 26தான் பிரசங்கம், ஆனா சேவல் கரெக்டா மூணு தடவ கூவிருச்சு, அதுக்கப்புறம் சபையில யாரு பிரசங்கம் கேட்டா.

அன்னைக்கு ராத்திரி காய் வெட்டு. இதை சமையல் காண்ட்ராக்ட்காரருகிட்ட விட்டா காசு கொஞ்சம்தான் கூடுது, ஈசியா முடிஞ்சிரும், ஆனா விடாதீங்க. ஊர்ல பேசாம இருக்குற ரெண்டு வீட்டுக்காரங்க வருஷத்துல ஒரே ஒரு நாள் பக்கத்து பக்கத்துல அருவாமனை போட்டு உக்காந்து வெங்காயம் உரிக்கிறது அந்த ராத்திரிதான். ட்யூப்லைட் போட்டு, பாய் விரிச்சு, பழைய கீர்த்தனை ரெண்டு பாடி, கட்டன் சாயா ஒரு அண்டா போட்டு வச்சிருங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும்.

ஆறாவது: ஆராதனையும் படைக்கிறதும்

பவனி ஊர் எல்லையில இருந்து கிளம்பணும்னு சிலர் சொல்லுவாங்க, வெயில் ஏறிரும், தெரு முக்கு போதும். வாசல்ல ஒரு டேபிள், ரெண்டு பேரு, ஒரு நோட்டு. வர்ற பொருள் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் சீட்டு கட்டி, நோட்டுல நம்பர், பொருள், வீடு எழுதுங்க. இதைச் செய்யலன்னா ஏலத்துல "இது எந்த வீட்டுத் தாரு"ன்னு கேப்பாங்க, பதில் இருக்காது.

படைக்கிற வரிசையில வயக்காரங்க முதல்ல, பெரிய தாரு முன்னாடின்னு போகாதீங்க. பிள்ளைங்க முதல்ல, அப்புறம் வயசானவங்க, அப்புறம் எல்லாரும். சங்கீதம் 65 வாசிக்கச் சொல்லுங்க, அறுப்புக்கு அதைவிடப் பொருத்தமா ஒண்ணு இல்ல. பிரசங்கத்துக்கு வெளியூர் ஐயரைக் கூப்பிட்டா நேரத்தை முன்னாடியே சொல்லிருங்க, அண்டால உலை கொதிக்குறது அவருக்குத் தெரியாது.

ஏழாவது: ஏலம்

பண்டிகையில எல்லாருக்கும் பிடிச்சதும் இதுதான், சண்டை வர்றதும் இங்கதான். ஏலம் போடுறவரு நல்லா சத்தமா பேசணும், ஊர்ல எல்லாரையும் தெரிஞ்சிருக்கணும், ஆனா யாரையும் குத்திப் பேசாத ஆளா இருக்கணும், மூணும் ஒரே ஆளுகிட்ட இருக்குறது கஷ்டம்தான், தேடுங்க.

முதல் பொருளா எதை எடுக்குறீங்கங்கிறது முக்கியம். பெரிய வாழைத்தாரை முதல்ல எடுத்தா விலை உச்சத்துக்குப் போயிரும், அதுக்கப்புறம் வர்ற நாலு முட்டை, ஒரு படி பயறு எல்லாம் அசிங்கப்பட்டு நிக்கும். நாங்க எப்பவும் ஊர்லயே வசதி கம்மியான ஆச்சி கொண்டு வந்த பொருளை முதல்ல எடுப்போம். கூட்டம் புதுசு, எல்லார் கையிலயும் காசு இருக்கு, ஆளுங்க உற்சாகமா இருக்காங்க. அந்த ஆச்சி ஓலைக் கொட்டான்ல கொண்டு வந்த ஆறு முட்டை ஒரு வருஷம் 2,200 ரூபாய்க்குப் போச்சு. எடுத்தவரு பணத்தைக் கட்டிட்டு முட்டையத் திருப்பிக் குடுத்து மறுபடி ஏலம் விடச் சொன்னாரு, ரெண்டாவது தடவ 1,500. ஆச்சி முன் பெஞ்சுல உக்காந்து சேலை முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சுகிட்டே இருந்தா.

போட்டி ஏலம் ஒரு வியாதி. ரெண்டு பங்காளிங்க ஒரு எலுமிச்சம்பழத்துக்கு ஆயிரம் ஆயிரமா ஏத்திகிட்டே போவாங்க, கூட்டம் கைதட்டும், கோயிலுக்கு வருமானம்தானேன்னு விடாதீங்க. அந்தப் பணம் பெரும்பாலும் வராது, மனஸ்தாபம் மட்டும் வரும். ஏலம் போடுறவரு "போதும்யா, ஆளுக்குப் பாதியா எடுத்துக்கோங்க"ன்னு சிரிச்சுகிட்டே வெட்டி விடணும்.

கடன் ஏலம் இருக்கத்தான் செய்யும், எல்லாரும் கையில காசு வச்சிருக்க மாட்டாங்க. ஒரு மாசம் டயம், அதுக்குமேல ஐயர் தனியா போய்ப் பேசட்டும். நான் பொறுப்புல வந்த வருஷம் மூணு வருஷத்துக் கடன் பாக்கி நோட்டுல கிடந்துச்சு, அதுல சத்தமா ஏலம் கேட்ட பேருங்கதான் அதிகம்.

எட்டாவது: அசனம்

இப்ப கணக்கு. எங்க ஊர்ல 140 தலைக்கட்டு. நான் முதல் வருஷம் வீட்டுக்கு நாலு பேருன்னு போட்டு 560, கூட ஒரு நூறுன்னு வச்சு 660 பேருக்கு அரிசி போட்டேன். வந்தது 900க்கு மேல. கட்டிக்குடுத்த பொண்ணுங்க குடும்பத்தோட வருவாங்கங்கிறதை மறந்துட்டேன், பக்கத்து ஊரு சிநேகிதங்க, கோயிலுக்கு வராத ஆனா அசனத்துக்குத் தவறாத ஆளுங்க எல்லாரையும் மறந்துட்டேன். அதுக்கப்புறம் நான் வச்சிருக்குற கணக்கு இது: தலைக்கட்டு ஒண்ணுக்கு ஏழு பேரு. 1,000 பேருக்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் அஞ்சு உலையில போட, ஒரு சிப்பம் பிரிக்காம ரிசர்வ்ல. கறி தனிக் குழம்பா இல்லாம உருளைக்கிழங்கு போட்டு வைக்கிறதா இருந்தா 10 பேருக்கு ஒரு கிலோ போதும், அப்ப 1,000 பேருக்கு 100 கிலோ, ஒரு கிடாவுக்கு 12 கிலோ கறின்னு வச்சா எட்டு ஒம்பது கிடா. கிடாவை உயிரோட வாங்குறப்போ ஆட்டோட எடையப் பாத்து ஏமாறாதீங்க, அதுல பாதி கூட கறியா வராது.

பக்கத்துத் தெருவுல கோனார் வீடு, ஆசாரி வீடு, பாய் வீடுன்னு இருந்தா எல்லாரையும் நேர்ல போய்ச் சொல்லணும், நோட்டீஸ் மட்டும் குடுத்தா அது மரியாதை இல்ல. கறி சாப்பிடாதவங்களுக்கு சாம்பாரும் ரசமும் தனி அடுப்பு, தனிக் கரண்டி. பாய்மாரு வர்றதா இருந்தா அறுக்குறதை அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லிருங்க, ஒரு செலவும் இல்ல, அவங்க நிம்மதியா உக்காந்து சாப்பிடுவாங்க.

சோறு வெந்ததும் வடிச்சு, ஓலைப்பாயில வெள்ளைத் துணி விரிச்சு மலையாக் குவிப்பாங்க, அதுக்கு முன்னாடி நின்னு ஐயர் ஜெபம் பண்ணுவாரு, ஆவி அவர் கண்ணாடியில படிஞ்சு அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் பந்தி. பந்தியில ஸ்பெஷல் டேபிள் கிடையாது. வெளியூர் ஐயரா இருந்தாலும் பஞ்சாயத்துத் தலைவரா இருந்தாலும் பாயில வந்து உக்காரணும், முட்டி வலி உள்ளவங்களுக்கு மட்டும் பெஞ்சு. யாரு பக்கத்துல யாரு உக்காருறாங்கன்னு கண்ணு வச்சுக்கோங்க. எந்தத் தெரு ஆளு எங்க உக்காரணும்னு சொல்லாமச் சொல்ற பழக்கம் கிறிஸ்தவ ஊர்லயும் இருக்கு, இல்லன்னு நடிக்க வேண்டாம். நாங்க வாசல்ல ரெண்டு வாலிபங்களை நிறுத்தி வர்ற வரிசையிலயே உக்கார வச்சோம், கூட்டமா இடம் பிடிக்க விடல. மொத வருஷம் ரெண்டு குடும்பம் சாப்பிடாமப் போச்சு. மறு வருஷம் அதுல ஒண்ணு வந்துச்சு.

தூக்குவாளி விஷயம். வீட்டுக்கு வாங்கிட்டுப் போறது உரிமை மாதிரி, தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனா என் சோறு பத்தாமப் போனதுக்கு பாதிக் காரணம் இதுதான், மூணாவது பந்தி நடக்குறப்பவே பின்பக்கமா வாளி வாளியாப் போயிருச்சு, பரிமாறிகிட்டு இருந்த பையங்களே குடுத்திருக்காங்க. படுத்த படுக்கையா இருக்குறவங்க, பிள்ளைபெத்த வீடு, இவங்களுக்கு முதல் பந்திக்கு முன்னாடியே ஆள் விட்டு அனுப்பிருங்க. மத்த வாளி எல்லாம் கடைசி ஆளு எந்திரிச்ச பிறகு. வார்ப்புப் பக்கத்துல பெரியவரு ஒருத்தரை நாற்காலி போட்டு உக்கார வச்சா போதும், அவரைத் தாண்டி யாரும் வாளிய நீட்ட மாட்டாங்க. பரிமாறுற பையங்களுக்கு தனியா ஒரு சட்டி கறி எடுத்து மறைச்சு வைங்க, கடைசில அவனுகளுக்கு ரசம் மட்டும் மிஞ்சுனா அடுத்த வருஷம் ஒருத்தனும் வரமாட்டான்.

கடைசி வேலை: கணக்கு

அடுத்த ஞாயிறே ரெண்டு கணக்கையும் வாசிங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. மளிகை, விறகு, பந்தல், எலை எல்லாத்துக்கும் பில் இருக்கணும், பில்லே குடுக்காத ஆளுகிட்ட ஒரு வெள்ளைத்தாள்ல கையெழுத்தாவது வாங்கிருங்க. காணிக்கையில எவ்வளவு சேகரத்துக்கு, எவ்வளவு மிஷனரி ஊழியத்துக்கு, எவ்வளவு ஊர்ல உள்ள ஏழைங்களுக்குன்னு கமிட்டி முடிவு பண்றது. 1903ல திருநெல்வேலியில ஆரம்பிச்ச இந்திய மிஷனரி சங்கம் இந்த மாதிரி கிராமத்துக் காணிக்கைய நம்பித்தான் ஓடுச்சு, அதுல முன்ன நின்ன அசரியா எங்க பக்கத்து வெள்ளாளன்விளைக்காரரு, 1912ல தெலுங்கு நாட்டுல உள்ள தோர்ணக்கலுக்கு பிஷப் ஆனாரு, அதனால இந்தப் பங்கைக் குறைச்சா பெரியவங்க கேள்வி கேப்பாங்க.

அசனக் கணக்குல மிஞ்சுனா அடுத்த வருஷத்துக்கு வரவு வைங்க, குறைஞ்சா அதையும் அப்படியே சொல்லிருங்க, கைக்காசு போட்டு மூடி மறைக்காதீங்க, அடுத்து வர்ற செயலாளரு காசில்லாதவனா இருப்பான்.

பாத்திரம் திருப்பிக் குடுக்குறப்போ எண்ணிக் குடுங்க. எப்பவும் ஒரு கண் அகப்பை குறையும். நாலு வருஷம் காசு கட்டுனேன், அஞ்சாவது வருஷம் கோயில் மணிக்கூண்டை சுத்தம் பண்றப்போ மூணு அகப்பை கிடைச்சுச்சு, யாரு எதுக்கு அங்க கொண்டு வச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல தம்பி, நீ சார்ஜ் எடுத்ததும் முதல்ல அங்க ஒருக்க ஏறிப் பாத்துரு.